யானை உண்டு

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். “அண்ணே, கிராங்க் போயிடுச்சு.” “டேப்பெட் அடிக்குது, செட் பண்ணி விடுங்க.” “பிஸ்டன் அடிக்குதாம், நாச்சியார்கோவில்ல ஒருத்தர் சொன்னாரு.” என்ன கேட்டது, எப்போது கேட்டது என்று நான் திருப்பிக் கேட்டால்தான் யோசிக்க ஆரம்பிப்பார்கள். “ஒரு மாதிரி சத்தம்ணே” என்பார்கள். காலையில் உதைத்ததும் வருகிறதா, பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகா? பாலம் ஏறும்போதா, ஆக்சிலேட்டரை விட்டதும் வருகிறதா? கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா? இவை எதையும் கவனித்திருக்கமாட்டார்கள். முடிவு மட்டும் கையில் தயாராக இருக்கும்.

நான் கும்பகோணத்தில் பழைய புல்லட் மட்டும் பார்க்கிற மெக்கானிக். பழையது என்றால் காஸ்ட் அயர்ன் இன்ஜின். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தார்களே, பிறகு திருவொற்றியூரில் செய்தார்களே, அந்த வண்டியின் வம்சம். 346 சிசி, சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. சிலிண்டர் இரும்பு, ஹெட் அலுமினியம், கியர் பெட்டி தனி, கியர் வலது காலில். ஒரே சிலிண்டர் என்பதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். புது வண்டியில் பழகிய பையன்கள் பக்கத்தில் நின்றால் அவர்களுக்கு எல்லாமே கோளாறாகக் கேட்கும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினே டேப்பெட், டைமிங் கியர், பிரைமரி செயின், கார்புரேட்டர் மூச்சு என்று நாலைந்து குரலில் பேசிக்கொண்டிருக்கும். அதில் எது தினசரிப் பேச்சு, எது புதுப் பேச்சு என்று பிரிப்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

மைத்துனர் வற்புறுத்தியதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் நான் என்று, பாடம் நடத்துகிற ஐயா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சிவஞான சித்தியாரில் அளவை வந்தபோது தூக்கம் போய்விட்டது. ஒன்றை அறிவதற்கு என்னென்ன வழி, எந்த வழி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் அளவை. 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார், கடவுளைப் பேசத் தொடங்குமுன் இதைப் பேசிவிடுகிறார். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்று ஆறு. அதற்கு மேலும் ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்பார்கள். எல்லாம் கடைசியில் காண்டல், கருதல், உரை மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். நேரே புலனால் அறிவது, அதைக்கொண்டு யூகிப்பது, நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்பது. ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இறக்குவது வரை நான் செய்வது இந்த மூன்றைத்தான்.

ஐயா அன்று சித்தியாரை மூடிவைத்துவிட்டு மணிமேகலைக்குப் போனார். பௌத்தக் காப்பியம்தான், ஆனால் சைவ வகுப்பில் அதை எடுக்க அவருக்குத் தயக்கம் கிடையாது. வஞ்சி நகரில் மணிமேகலை மாற்றுருவில் போய்ச் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்கிற பகுதி. அளவைவாதி கருதலை மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் யானையின் ஒலியைக் கேட்டவன் அங்கே யானை உண்டு என்று உணர்வது பொது. வெள்ளத்தைக் கொண்டு மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை பெய்யும் என்பது முதல்.

மலையில் புகை, ஆகவே நெருப்பு என்ற உதாரணம் எல்லாச் சபையிலும் அடிபட்டது, கண்ணுக்கானது. மணிமேகலை பாடிய சாத்தனார் காதுக்கும் ஒன்று வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அதைவிட, அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பாருங்கள். யானை உண்டு. ஆணா பெண்ணா, ஒற்றையா கூட்டமா, மதமா பசியா, நம் பக்கம் வருகிறதா விலகிப் போகிறதா, எதையும் அந்த ஒலியை மட்டும் வைத்து அவன் சொல்லவில்லை. இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு உறுதியாகத் தெரிவதும் அவ்வளவுதான்: உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் இடிக்கிறது. ‘உண்டு’ என்பதற்கும் ‘இன்னது’ என்பதற்கும் நடுவில் ஒரு காடே கிடக்கிறது. அதை ஒரே தாவலில் தாண்டுகிறவர்களைப் பட்டறையிலும் பார்த்திருக்கிறேன், கோயில் வாசலிலும் பார்த்திருக்கிறேன்.

தாண்டக்கூடாது என்றில்லை, நடந்து கடக்கலாம். முதலில் எண்ணிக்கை. ஐடிலில் கிராங்க் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். ஆகவே ஒரு டேப்பெட் தட்டினால் 450 தட்டு. பிஸ்டனோ கிராங்கில் மாட்டியிருக்கிற பொருளோ தட்டினால் 900 வரை போகலாம். இதை எண்ண முடியாது. ஆனால் சைலன்சர் ஒவ்வொரு ‘டப்’ போடும்போதும் உள்ளே ஒரு தட்டா இரண்டு தட்டா என்று பழகிய காதுக்குத் தெரியும். இதையும் முழுசாக நம்பக்கூடாது. கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடமான பிக் எண்ட், பளு ஏறும்போது மட்டும் இடித்தால், டப்புக்கு ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டு டேப்பெட் வேஷம் போடும்.

அடுத்தது சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிரில் சிலிண்டருக்குள் தளர்ந்து பக்கவாட்டில் அடிக்கிற பிஸ்டன், சூடேறியதும் விரிந்து அடங்கிவிடும். பிக் எண்ட் நேர்மாறு: குளிரில் கெட்டியான ஆயில் இடைவெளியை நிரப்பிக்கொண்டிருக்கும், சூட்டில் ஆயில் இளகியதும் இடி வெளியே வரும். ஆக ‘சத்தம் இருக்கிறது’ என்பது பாதி வாக்கியம்தான், ‘எப்போது’ சேர்ந்தால்தான் முழுசாகும். நியாய நூல்காரர்கள் இதை வேறு பொருளில் சொன்னார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்று சொல்லலாம், நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று சொல்லக்கூடாது. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை எங்கே? அந்த ஈர விறகைக் கணக்கில் எடுக்காமல் போடுகிற விதி உடைந்துவிடும். உபாதி என்பார்கள். பழைய வண்டியில் உபாதி இல்லாத சத்தம் அபூர்வம்.

பிறகு, இருந்தால் இருப்பதும் இல்லாவிட்டால் இல்லாமல் போவதும். மணிமேகலையில் அந்நுவயம், வெதிரேகம் என்று வரும். நியூட்ரலில் வண்டி நிற்கிறது, ஒரு கரகரப்பு. கிளட்ச் லிவரைப் பிடித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது. கிளட்ச் பிடித்தால் எது ஓயும்? கியர் பெட்டி. அப்படியானால் இன்ஜின்மேல் கை வைக்க வேலையில்லை. கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஸர் லிவரும் இதற்கு உதவும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இழுத்தால் சிலிண்டரின் அழுத்தம் வெளியேறி, பிஸ்டன் தலையில் விழுகிற அடி குறையும். இன்ஜின் அணைவதற்குள் சத்தம் மாறுகிறதா என்று சில நொடிகள் கேட்கலாம். பழைய ரெட்டிச்காரன் எதற்கு வைத்தானோ, எனக்கு அது ஒரு தர்க்கக் கருவி.

நீள ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, நுனியை ராக்கர் மூடியில், டைமிங் கவரில், செயின் கேஸில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர்களுக்கு அதைப் பார்த்தால் டாக்டரிடம் வந்த பக்தி வந்துவிடும். அதற்கு அவ்வளவு பக்தி தேவையில்லை. சத்தம் உலோகத்துக்குள் எங்கும் ஓடும். உள்ளே வெறுமையாக இருக்கிற செயின் கேஸ் எதையும் வாங்கிப் பெரிதாக்கித் தரும். அதிகமாகக் கேட்கிற இடம் சத்தம் பிறந்த இடமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊரில் ஒரு செய்தியை யார் உரக்கச் சொல்கிறாரோ அவர் வீட்டில்தான் அது நடந்தது என்று எடுத்துக்கொள்வோமா?

சென்ற மழைக்காலத்தில் எண்பதுகளின் வண்டி ஒன்று வந்தது. ஐடிலில் கனமாக இடிக்கிறது, கொஞ்சம் திருகினால் மறைகிறது. வேறொரு பட்டறையில் பிக் எண்ட் என்று சொல்லி, கிராங்கைப் பிரித்து வேலை பார்க்கப் பெரிய தொகை கேட்டிருந்தார்கள். கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் பளு ஏற்றினால் இடி கூடவில்லை, சூட்டிலும் கூடவில்லை. பிக் எண்ட் அவ்வளவு சாதுவாக இருக்காது. இடது பக்கம் செயின் கேஸைக் கழற்றினால், கிராங்கின் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, ஐடிலில் ரோட்டர் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டிருந்தது. வேகம் கூடினால் ஒரே பக்கம் சாய்ந்து அமைதியாகிவிடும். நட்டை முடுக்கியதோடு வேலை முடிந்தது. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. சந்தேகப் பட்டியலில் ரோட்டர் என்ற பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒழிபு என்று சித்தியார் சொல்வதை மணிமேகலை மீட்சி என்கிறது. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று அறிவது. இது அல்ல, அது அல்ல, ஆகவே இதுதான் என்று நாங்கள் கழித்துக்கொண்டே வருவதும் அந்தச் சாதிதான். ஆனால் இராமாயணத்தில் போரிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் வென்றால் மற்றவர் யார் என்று கேட்கவே வேண்டாம். இன்ஜினில் எத்தனை பேர்? கழித்தல் சரியாக வரவேண்டுமானால் முதலில் எல்லாப் பெயரும் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். பெயர் விட்டுப்போன பட்டியலில் எத்தனை சுத்தமாகக் கழித்தாலும் மிஞ்சுவது நிரபராதிதான்.

சித்தியார் பட்டியலில் பொருள் என்று வந்ததே, அந்த அருத்தாபத்தியிலும் இதே கண்ணி உண்டு. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்பது பழைய பாடம். புல்லட்காரர்களும் இதே ரகத்தில் பேசுவார்கள்: “கீழே ஒரு சொட்டு ஒழுகல, ஆனா ஆயில் குறையுது. அப்ப எரியுதுதானே?” கேட்க அழகாக இருக்கும். ஆனால் இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. பம்ப் தேய்ந்திருந்தால், வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது டேங்க்கில் இருக்கிற ஆயில் மெதுவாக இறங்கிக் கிராங்க் அறைக்குப் போய்விடும். அளவுக்குச்சியில் ஆயில் இல்லை. ஒழுகவும் இல்லை, எரியவும் இல்லை, உள்ளேயே இடம் மாறியிருக்கிறது. உதைத்ததும் தெருவே புகையாகும், அதைப் பார்த்து ‘எரிகிறது’ என்பவர் தன் கணக்கு நிரூபணமாகிவிட்டது என்றே நினைப்பார். தேவதத்தன் இரவிலும் உண்ணாமல் பருத்திருக்க வழி உண்டா என்று சபையில் யாராவது கேட்டார்களோ இல்லையோ, பட்டறையில் கேட்டே ஆகவேண்டும்.

சத்தம் இல்லாமையையும் சொல்லவேண்டும். டேப்பெட்டை விடாமல் இறுக்கினால் இன்ஜின் பஞ்சுபோல் ஓடும், வாடிக்கையாளர் கூடுதலாகவே பணம் தருவார். முறை என்னவென்றால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலுக்குச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அதற்கு மேல் இறுக்கினால் சூட்டில் வால்வு முழுசாக உட்காராது. எரிகிற வாயு விளிம்பு வழியாகக் கசிந்து எக்ஸாஸ்ட் வால்வைத் தின்றுவிடும். அதுவரை ஒரு சத்தமும் வராது. என்னிடம் வேலை பழகுகிற பையனுக்கு நான் முதலில் சொல்வது, சத்தமே இல்லாத பழைய வண்டி வந்தால் கொஞ்சம் பயப்படு என்பதுதான். குறையொன்றும் காணோம், ஆகவே குறையில்லை என்ற முடிவு, குறை இருந்தால் நம் காதுக்குக் கேட்டே தீரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையை யார் கொடுத்தார்கள்?

இத்தனை கஷ்டம் எதற்கு, திறந்து பார்த்துவிடலாமே என்று சில பையன்கள் கேட்பார்கள். காண்டல் மட்டுமே போதும் என்கிற உலகாயதன் கட்சி அது. சித்தியாரின் பரபக்கம் அவனை மறுப்பதில்தான் தொடங்குகிறது. மணிமேகலையோ அதே கட்சி பேசும் பூதவாதியைப் பார்த்துச் சிரித்து, உன் தாய் தந்தையரைக் கருதல் இல்லாமல் எப்படி அறிவாய் என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறாள். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. ஆனால் பழைய அலுமினியத்தில் ஒவ்வொரு முறை போல்ட்டைக் கழற்றும்போதும் மரை கொஞ்சம் போகும், கேஸ்கெட் போகும், ஆயிரமாயிரம் கிலோமீட்டர் ஒன்றோடொன்று பழகிய பாகங்களின் உறவு போகும். எங்கே திறப்பது என்று தெரிந்துகொண்டு திறப்பதற்குத்தான் கருதல். இருந்தாலும் கடைசியில் ஒரு நாள் திறப்போம் என்பது எங்கள் தொழிலின் பெரிய பாதுகாப்பு. யூகம் தவறானால் கழற்றிய இடத்தில் தெரிந்துவிடும். சாட்சி மேஜைமேல் கிடக்கும்.

இனி சொல்வது வண்டியைப் பற்றியதல்ல. என் வாடிக்கையாளர் ஒருவர், வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறவர். மகனுக்கு இருபதைத் தாண்டுவதற்குள் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒருநாள் அவர் வண்டியை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருந்த பெரியவர், விபூதி மணக்க மணக்க, “எந்த ஜென்மத்துப் பாவமோ, புள்ள தலையில விடிஞ்சிருக்கு. எதுக்கும் நாடி பாத்துடுங்க” என்றார். பெரியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். நிலக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவில், மகனின் நோயோடு தான் செய்யாத ஏதோ ஒரு குற்றமும் சேர்ந்து ஏறியது தெரிந்தது. நான் டீ வாங்கிவரச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அடுத்த வகுப்பில் ஐயாவிடம் கேட்டேன். சித்தாந்தப்படி பெரியவர் சொன்னது தவறா?

ஐயா பொறுமையாகச் சொன்னார். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினை மூன்று. சேர்ந்து கிடப்பது, இந்தப் பிறவிக்கு முகந்து எடுத்தது, இப்போது சேர்ப்பது. துன்பம் ஒரு காரியம். காரியத்துக்குக் காரணம் உண்டு. வினை உண்டு என்பதில் சைவனுக்கு ஐயம் கிடையாது. “எச்சம்தானப்பா இது. வெள்ளத்தைப் பார்த்தா மழையைத் தெரிஞ்சுக்க மாட்டியா?”

“ஐயா, நம்ம ஊர்ல ஆத்துல தண்ணி வந்தா மழைன்னு யாரு சொல்றா? மேட்டூர் திறந்துட்டான்னுதானே சொல்றோம்?” என்றேன்.

ஐயா சிரித்துவிட்டார். எனக்கு அது வேடிக்கைக்காகத் தோன்றியதல்ல. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து காவிரிக் கரையில் எச்சம் கொஞ்சம் மாறிவிட்டது. ஜூன் 12-ல் அணை திறந்து, மேலே பொட்டு மழை இல்லாத வெயிலிலும் இங்கே அரசலாற்றில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் வரும் வருஷங்கள் உண்டு. அது மழைத் தண்ணீர்தான், மறுக்கவில்லை. குடகிலோ வயநாட்டிலோ, போன மாதமோ போன வருஷமோ, எத்தனையோ மழை அணையில் கலந்து கிடந்து வருகிறது. மழை உண்டு என்று சொல்லலாம். இது இன்ன நாளில் இன்ன மலையில் பெய்த மழை என்று, ஒரு குடம் மொண்டு பார்த்துச் சொல்ல யாருக்கு உரிமை? சஞ்சிதத்தைச் சொல்லும் சித்தாந்தமே நடுவில் ஓர் அணையைக் கட்டித்தான் வைத்திருக்கிறது. பெரியவர் அணையையே பார்க்காமல் வாய்க்காலில் கை நனைத்ததும் மழையின் தேதியைச் சொல்கிறார்.

எனக்கு வினையில் நம்பிக்கை உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வகுப்பில் எனக்கு என்ன வேலை? நம்பிக்கை இல்லாதவர் இந்தக் கேள்வியைச் சுலபமாகக் கடந்துவிடலாம். எனக்கு அது முடியாது. யானை உண்டு என்பதை விட்டுக்கொடுக்காமல், அது என்ன யானை என்று சொல்ல மறுப்பது என் வரையில் சைவத்துக்குள் நின்றே செய்யவேண்டிய காரியம். பட்டறையில் நான் தப்பாகப் பெயர் சொன்னால் திறந்ததும் என் முகத்தில் கரி பூசும். ஒருவனுடைய முற்பிறவியைத் திறந்து மேஜைமேல் வைக்கிற பட்டறை எங்கும் இல்லை. சரிபார்க்கவே முடியாத இடத்தில் பெயர் சொல்கிறவன், தவறினாலும் தப்பித்துக்கொள்கிறான். கூலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவன் கொடுக்கிறான்.

அன்று மாலை வீட்டில் அப்பரைப் புரட்டினேன். சூலை நோயில் துடித்துக்கொண்டு திருவதிகைக்கு வந்து, அக்கா திலகவதியார் கையால் திருநீறு வாங்கி, வீரட்டானத்து முன்னால் பாடுகிற முதல் பதிகம். குடலைப் புரட்டுகிற வலி. காரியம் கண்முன்னே இருக்கிறது. காரணத்தைப் பெயர் சொல்லி அழைக்க அவரைவிடத் தகுதியானவர் யார்? கொடுமைகள் பல செய்திருக்கக்கூடும், ஆனால் தமக்குத் தெரியவில்லை என்ற பொருளில்தான் பாட்டு தொடங்குகிறது. ‘உண்டு’ என்ற பக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, ‘இன்னது’ என்ற இடத்தில் அறியேன் என்று நிறுத்திக்கொள்கிறார். வலி யாருடையதோ அவரே நிறுத்திய இடத்தைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் தாண்டுகிறார் என்றால், அந்தத் துணிவு எந்த அளவையிலிருந்து வந்தது?

இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் விடவில்லை. “பெரியபுராணம் காரணத்தைச் சொல்லுதேப்பா? திலகவதியார் வேண்டிக்கிட்டதும் இறைவனே சூலை கொடுத்து ஆட்கொண்டான்னு சேக்கிழார் பாடியிருக்காரே? கருதல் எட்டாத இடத்துக்குத்தானே உரைன்னு ஒரு அளவை வச்சிருக்கு?”

நியாயமான அடி. உரையை நான் தள்ளவில்லை. வாடிக்கையாளர் சொல்வதும் எனக்கு உரைதான். ஆனால் அவர் கேட்டதைச் சொன்னால் எடுத்துக்கொள்வேன், அவர் முடிவு கட்டியதைச் சொன்னால் ஓரமாக வைப்பேன். ஆப்தர் என்றால் அறிந்ததை அறிந்தபடி சொல்கிறவர். சேக்கிழார் அப்பருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு பிந்தியவர் என்றாலும், அவரை அப்படிப்பட்டவராக நான் ஏற்றுக்கொள்கிறேன். “அப்பருக்குச் சேக்கிழார் இருக்கார் ஐயா. இந்தப் பையனுக்கு யார் சேக்கிழார்?” என்று கேட்டேன். வகுப்பில் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், ஐயா முறைத்தார். கைதட்டினது எனக்கும் பிடிக்கவில்லை.

கடவுள் விஷயத்திலும் எனக்கு இதே எல்லைதான் தெரிகிறது. குடம் இருக்கிறது, ஆகவே குயவன் உண்டு. உலகம் இருக்கிறது, ஆகவே செய்தவன் உண்டு என்று உதயணர் போன்ற நியாயவாதிகள் பெரிய கோட்டையே கட்டினார்கள். மெய்கண்டாரும் சிவஞான போதத்தில் அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற உலகத்திலிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் அதே மெய்கண்டார் ஒன்பதாம் சூத்திரத்துக்கு வரும்போது, பதியை அறிவது நம் ஊனக்கண் வேலையல்ல, ஞானக்கண்ணாலேதான் நாட வேண்டும் என்று போய்விடுகிறார். கருதல் வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றுகிற இடம் அது. அவனுடைய விருப்பு வெறுப்பு, இந்த வாரம் யாரைத் தண்டித்தான், எந்த வெள்ளம் யாருக்கான பாடம் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்கிறவர்கள் செருப்போடு உள்ளே போய்விட்டார்கள் என்பது என் எண்ணம்.

பையனுக்கு அவன் அம்மாவே சிறுநீரகம் கொடுத்தார். சிகிச்சை நல்லபடி முடிந்து, மாத்திரையும் கட்டுப்பாடுமாக நடமாடுகிறான். செய்தி தெரிந்த ஞாயிறு வகுப்புக்குப் போனதும், “கும்பேஸ்வரர் அருள், பையன் பிழைச்சுட்டான் ஐயா” என்றேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “திறந்து பார்த்தியா?” என்றார்.

நான் புரியாமல் நின்றேன்.

“கெட்டது நடந்தா வினைன்னு பேர் சொல்லக்கூடாதுங்கிறே. நல்லது நடந்தா அருள்னு பேர் சொல்றியே, அது மட்டும் எப்படி? அதுவும் காட்டுல கேட்ட சத்தம்தானே? டாக்டர் கை, தாயோட சிறுநீரகம், மாத்திரை, பணம், இதையெல்லாம் கழிச்சிட்டியா? உன் பட்டியல் முழுசா இருக்கா?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்து ஒன்று சொன்னேன். வினை என்று நான் பெயர் சொன்னால் அந்தச் சுமை இன்னொருவன் தலையில் இறங்குகிறது. அருள் என்று பெயர் சொன்னால் யார் தலையிலும் இறங்குவதில்லை. முதலாவது தீர்ப்பு, தீர்ப்புக்கு அளவை வேண்டும். இரண்டாவது நன்றி. நன்றி சொல்கிறவன் எதையும் நிரூபிக்க நிற்கவில்லை, வாய் நிறைந்து ஒரு பெயரைச் சொல்கிறான்.

ஐயா அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் தலையிலும் இறங்காது என்பது உண்மையில்லை என்றார். அதே வார்டில் பிழைக்காமல் போன பையனின் தகப்பனார் பக்கத்தில் நின்று நீ இதைச் சொல்லிப் பார், அருள் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவர் காதில் எப்படி விழும் என்று கேட்டார். அதனால் அருள் என்று சொல்வதை நான் நிறுத்திவிடவில்லை, வாய் கேட்காது. எங்கே நின்று சொல்கிறேன் என்று இப்போது சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். நல்வினை, தீவினை இரண்டையும் ஒன்றுபோல் பார்க்கச் சொல்லும் இருவினையொப்பு பாடம் வரும்போது நன்றிக்கு அளவை வேண்டுமா வேண்டாமா என்று மறுபடி பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.